கூரைல தொங்குற 24, 6: ஃபேமிலி குரூப்ல ஓடின ஹாக்கி பேச்சு

[வெள்ளி, இரவு 9:52]

நான்: [போட்டோ]

நான்: மாமா இப்பதான் அகானிஸ் அரீனால இருந்து வெளிய வர்றேன், பி.யு. ஐஸ் ஹாக்கி முதல் தடவையா நேர்ல பாத்தேன், அந்த பேண்ட் சத்தம் இன்னும் காதுல இருக்கு. மேல கூரைல 24, 6ன்னு ரெண்டு நம்பர் தொங்குதே, அது யாரோடது?

மாமா: வாடா மாப்ள, இப்பதான் நீ பாஸ்டன் யுனிவர்சிட்டி பையன். முதல்ல ட்ரெயின்ல ஏறு, ஏறிட்டு படி. கொஞ்சம் நீளமா வரும்.

மாமா: 6 ஜாக் பார்க்கரோடது, அவர் ஸ்டூடண்ட்டா ஆடினப்போ போட்ட நம்பர். 1973 டிசம்பர்ல சீசன் நடுவுல இருந்த கோச்ச தூக்கிட்டு இவர் கைல டீம குடுத்தாங்க, அப்ப வயசு 28. அங்க ஆரம்பிச்சு 2013 வரைக்கும் 40 சீசன், வேற எங்கயும் போகல. 897 மேட்ச் ஜெயிப்பு, 1978, 1995, 2009ன்னு மூணு நேஷனல் டைட்டில்

அண்ணன்: 897ஆ. எங்க பாஸ்டன் காலேஜ் கோச் ஜெர்ரி யார்க் 1123 😌

மாமா: பி.சி.காரன் வந்துட்டான். டேய் 1123ங்கறது கிளார்க்சன், போலிங் கிரீன், பாஸ்டன் காலேஜ் மூணும் சேத்து. பார்க்கர் 897ம் ஒரே வாசல்ல நின்னு எடுத்தது

அண்ணன்: சரி மாமா அதையெல்லாம் கழிச்சிருவோம். பி.சி.ல மட்டும் 2001, 2008, 2010, 2012, நாலு டைட்டில், 28 வருஷத்துல. உங்களுக்கு 40 வருஷத்துல மூணு. கணக்கு நீங்களே பாருங்க

அக்கா: 1978 ஃபைனல்ல நாம யார அடிச்சோம்னு அவன கேளுங்க மாமா

மாமா: 5-3. பி.சி.ய 😄

நான்: அந்த 78 டீம்ல தான மைக் எருசியோனி இருந்தார்? 1980 ஒலிம்பிக்ஸ்ல ரஷ்யாவுக்கு எதிரா கோல் போட்டவர்?

மாமா: இல்ல அவர் 77லயே படிப்ப முடிச்சு போயிட்டார். 78ல இருந்தது கோலி, அதாவது கோல்கீப்பர், ஜிம் கிரெய்க், ஜாக் ஓ கலஹன், டேவ் சில்க். இந்த மூணு பேரும் எருசியோனியும் சேந்து 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்ஸ் அமெரிக்கா டீம் 20 பேர்ல 4 பேர் பி.யு. சோவியத்த 4-3ன்னு ஜெயிச்ச அந்த மேட்ச்ல கடைசி கோல் எருசியோனி, கேப்டனும் அவர்தான், கிரெய்க் அன்னிக்கு 39 ஷாட்ல 36 தடுத்தான். எல்லாரும் அதோட கதை முடிஞ்சதுன்னு நெனப்பாங்க ஆனா தங்கம் வந்தது அடுத்த மேட்ச்ல ஃபின்லாந்த ஜெயிச்சப்புறம்தான், கிரெய்க் தோள்ல கொடிய போத்திக்கிட்டு கூட்டத்துல அப்பாவ தேடினது அப்பதான். அம்மா அதுக்கு முன்னாடியே இறந்துட்டாங்க அவனுக்கு

அக்கா: அந்த டீம் கோச் ஹெர்ப் புரூக்ஸ் மினசோட்டா ஆள். 76 செமி ஃபைனல் கதை சொல்லுங்க மாமா, அது இல்லாம இது புரியாது

மாமா: ஆமா ஆமா. 1976ல பி.யு.வும் மினசோட்டாவும் டென்வர்ல மோதினாங்க, ஆட்டம் ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் சொச்சம்தான், ரெண்டு பெஞ்சும் காலி, எல்லாரும் ஐஸ்ல இறங்கி அடிதடி. மேட்ச்ச மினசோட்டா 4-2ல எடுத்துட்டாங்க. அந்த பகையோட இருந்த ரெண்டு காலேஜ் பசங்களதான் நாலு வருஷத்துல ஒரே டீமா ஒரே சட்டை போட வச்சார் புரூக்ஸ். எருசியோனி அந்த கோலுக்கப்புறம் என்.எச்.எல்.ங்கற பெரிய ப்ரொஃபஷனல் லீக்ல ஒரு மேட்ச் கூட ஆடல, போதும்னு நிறுத்திட்டார், அப்புறம் பி.யு.லயே வேலை பாத்தார். எனக்கு அவர் மேல மரியாதை அந்த கோல விட அந்த முடிவுக்குதான்

[இரவு 10:17]

அம்மா: சாப்டியாடா? இங்க காலைல எட்டே முக்கால், இட்லி ஊத்திட்டு இருக்கேன், குரூப் அடிச்சிட்டே இருக்கு. அந்த இன்னொரு நம்பர் யாருன்னு அண்ணன் சொல்லவே இல்லையே

மாமா: சொல்றேன் தங்கச்சி. அது வேகமா சொல்ற விஷயம் இல்ல

மாமா: 24 டிராவிஸ் ராய். மெயின் மாநிலத்துல யார்மத்னு சின்ன ஊர். 1995 அக்டோபர் 20, சீசன் முதல் மேட்ச், நார்த் டகோட்டாவோட. அன்னிக்குதான் 95 டைட்டில் பேனர மேல ஏத்தினாங்க, நான் அப்ப அங்க எம்.எஸ். படிச்சிட்டு இருந்தேன், பழைய வால்டர் பிரௌன் அரீனால உக்காந்திருந்தேன். பையன் ஃபர்ஸ்ட் இயர், 20 வயசு, காலேஜ் ஹாக்கில முதல் தடவையா ஐஸ்ல இறங்கறான். இறங்கி 11வது செகண்ட், எதிராளிய இடிக்க போனான், அவன் விலகினான், தலை நேரா ஐஸ சுத்தி இருக்கற பலகைல போய் மோதிச்சு. எழுந்திரிக்கல. கழுத்துக்கு கீழ கிட்டத்தட்ட எதுவும் அசையல, அதுக்கப்புறம் வாழ்நாள் பூரா

மாமா: அவங்க அப்பா ஸ்டாண்ட்ல இருந்து இறங்கி ஐஸ் மேல வந்தார். பையன் அவர்கிட்ட சொன்னது, நான் ஆடற இடத்துக்கு வந்துட்டேன்லப்பாங்கற மாதிரி. அரீனால இருந்த எங்களுக்கு அது அப்ப தெரியாது, பின்னாடி படிச்சதுதான்

அம்மா: ஐயோ 😢 20 வயசா. அவங்க அம்மா எப்படி தாங்கினாங்களோ. அப்புறம் என்னாச்சு அந்த பிள்ளைக்கு

மாமா: அடுத்த வருஷமே பி.யு.வுக்கு வீல்சேர்ல திரும்பி வந்தான், 2000ல டிகிரி வாங்கினான். அவன் பேர்ல ஒரு ஃபவுண்டேஷன், முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு வீல்சேர், வீட்டுல சாய்வுப்பாதை, வேன் மாத்தி குடுக்கறது, ஆராய்ச்சிக்கு பணம், இதெல்லாம் 20 வருஷத்துக்கு மேல செஞ்சான். 1999ல 24 மேல ஏறிச்சு, பி.யு. ஹாக்கில முதல்ல ரிடையர் ஆன நம்பர், அதாவது இனி வேற யாரும் போடக்கூடாதுன்னு வச்ச நம்பர், அதுதான். 2020 அக்டோபர்ல இறந்துட்டான், 45 வயசு

மாமா: 11 செகண்ட் ஆடினவன் நம்பர் பார்க்கர் நம்பருக்கு 15 வருஷம் முன்னாடியே மேல போயிருச்சு. அது சரிதான்னு நான் அப்பவும் நெனச்சேன் இப்பவும் நெனக்கிறேன்

அண்ணன்: மாமா இதுல எனக்கு பி.சி. பி.யு.லாம் கிடையாது. எங்க ஜானி காட்ரோவும் அவர் தம்பி மேத்யூவும் 2024 ஆகஸ்ட்ல சைக்கிள்ல போறப்ப கார் மோதி போனாங்களே, ரெண்டு பேருமே பி.சி.ல ஆடினவங்க. அன்னிக்கு முதல்ல எனக்கு மெசேஜ் போட்டது அக்காதான்

அக்கா: ❤️ காட்ரோ எங்கள எவ்ளோ அழ வச்சிருக்கான் ஐஸ்ல. ஆனா ஆட்டம்னா அது ஆட்டம்

[இரவு 10:41]

அக்கா: தம்பி ஒண்ணு கவனி. அந்த 95-96 டீம்ல டிராவிஸ் கூட இருந்தவங்க யாருன்னு பாரு. கிறிஸ் டிரூரி இப்ப நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஜெனரல் மேனேஜர். மைக் கிரியர் சான் ஹோசே ஷார்க்ஸ் ஜெனரல் மேனேஜர், என்.எச்.எல்.ல அந்த நாற்காலில உக்காந்த முதல் கறுப்பினத்தவர், 2022ல. ஜே பண்டோல்ஃபோ நீ இன்னிக்கு பெஞ்ச் பின்னாடி சூட் போட்டு நின்னு பாத்தியே அவர், இப்ப நம்ம ஹெட் கோச், நியூ ஜெர்சியோட 2000, 2003ன்னு ரெண்டு ஸ்டான்லி கப், அதான் என்.எச்.எல். சாம்பியன் கோப்பை. மூணு பேரும் ஒரே டிரெஸ்ஸிங் ரூம்ல இருந்து வந்தவங்க

நான்: டிரூரி சின்ன வயசுல பேஸ்பால் சாம்பியன்னு எங்கயோ படிச்சேன், அவரேதானா

மாமா: அவனேதான். 1989 லிட்டில் லீக் வேர்ல்ட் சீரிஸ், கனெக்டிகட் ட்ரம்புல் டீம், ஃபைனல்ல தைவான ஜெயிச்சாங்க, பந்து போட்டவன் டிரூரி. பி.யு.ல 113 கோல், 1998ல ஹோபி பேக்கர், அதாவது காலேஜ் ஹாக்கில அந்த வருஷத்தோட பெஸ்ட் பிளேயர் அவார்டு. அடுத்த வருஷமே என்.எச்.எல்.ல பெஸ்ட் புதுமுகம். என்னைக் கேட்டா பி.யு.ல ஆடினவங்கள்ல முதல் ஆள் அவன்தான், ஏன்னா பெரிய மேட்ச்சுன்னா கோல் போடுவான், சும்மா ஸ்கோர் ஏத்தற ஆள் இல்ல

அக்கா: நான் ஐக்கெல் கட்சி. 2015ல 40 மேட்ச்ல 71 பாயிண்ட் (கோலும் கோலுக்கு குடுத்த பாஸும் சேத்து), ஃபர்ஸ்ட் இயர்ல ஹோபி பேக்கர், அதுவும் நம்ம செம்ஸ்ஃபர்ட் பையன். இதுவரைக்கும் ஃபர்ஸ்ட் இயர்ல ஹோபி வாங்கினவங்க நாலே பேர், கரியா, ஐக்கெல், ஃபான்டிலி, செலப்ரீனி. அதுல ரெண்டு பி.யு.

அண்ணன்: செலப்ரீனி வாங்கறப்ப 17 வயசு, அத நானும் ஒத்துக்கிறேன், பாத்தப்பவே வேற லெவல்னு தெரிஞ்சது. என்.எச்.எல். டீம்கள் முறை வச்சு புது பசங்கள எடுக்கற ட்ராஃப்ட்ல அவன முதல் ஆளா எடுத்தது உங்க கிரியர்தான்

அக்கா: அதத்தான் சொல்ல வந்தேன், எல்லாம் ஒரே வீட்டு ஆளுங்க. கோச் வரிசைய பாரு. ஜாக் கெல்லி 1971, 72ன்னு அடுத்தடுத்து டைட்டில் எடுத்தார், அவர்கிட்ட ஆடினவர் பார்க்கர். பார்க்கர்கிட்ட ஆடினவங்க டேவிட் க்வின், ஆல்பி ஓ கானல், பண்டோல்ஃபோ, அவருக்கப்புறம் வந்த மூணு கோச்சும். பார்க்கருக்கப்புறம் வெளிய இருந்து ஒருத்தர் இல்ல

அண்ணன்: பி.சி.யும் அப்படித்தான், யார்க் அங்க ஆடினவர், இப்ப இருக்கற கிரெக் பிரௌனும் அங்க ஆடினவர். ரெண்டு காலேஜும் இருக்கற கமன்வெல்த் அவென்யூல ரெண்டு முனையும் ஒரே பழக்கம்

அக்கா: ஆனா மாமா நான் இதையும் சொல்லித்தான் ஆவேன், தம்பி அங்க படிக்கறவன், அவனுக்கு தெரியணும். 2011 டிசம்பர்ல ஒண்ணு, 2012 பிப்ரவரில ஒண்ணுன்னு ரெண்டு ஹாக்கி பிளேயர் மேல பாலியல் தாக்குதல் கேஸ் வந்துச்சு, ஒண்ணு அப்புறம் கைவிட்டாங்க. யுனிவர்சிட்டி ஒரு குழு போட்டு விசாரிச்சுது, டீமுக்குள்ள எங்களுக்கு எல்லாம் உரிமைங்கற மனப்பான்மை வளந்திருக்குன்னு அந்த குழுவே எழுதிச்சு. நான் அப்ப கேம்பஸ்ல இருந்தேன், ராத்திரி அந்த பசங்க பார்ட்டி நடக்கற தெருவ சுத்திக்கிட்டு போவோம் நாங்க. பார்க்கர் கிட்ட இருந்த எக்ஸிக்யூட்டிவ் டைரக்டர் பதவிய எடுத்தாங்க, அடுத்த வருஷம் ரிடையர் ஆனார். ரெண்டு வருஷம்கூட ஆகல, 2014ல 6 மேல ஏறிருச்சு

மாமா: நீ சொல்றது உண்மை. நான் மறுக்கல

மாமா: டிராவிஸ்க்கு அடிபட்டதுல இருந்து அவன் சாகற வரைக்கும் கூட நின்னவர் பார்க்கர், அதுவும் உண்மை. ஆனா 40 வருஷம் டீம் என் பொறுப்புன்னு நின்ன ஆளுக்கு அந்த பசங்க நடத்தையும் பொறுப்புதான், ஜெயிச்சதுக்கு மாலை வாங்கினா இதுக்கும் தலைய குடுக்கணும். 6 அங்க இருக்கட்டும், ஆனா அத பாக்கறப்ப இத மறைச்சு பேசக்கூடாது

அக்கா: அவ்ளோதான் மாமா எனக்கும் வேணும்

[இரவு 11:06]

அத்தை: நான் இவ்ளோ நேரமா படிச்சிட்டு இருக்கேன், எல்லாரும் ஆம்பளைங்க பத்தியே பேசறீங்க. மரி ஃபிலிப் பூலன் எங்க?

அக்கா: அத்தை!!! 🔥

அத்தை: 4 ஒலிம்பிக் ஃபைனல்ல கோல் போட்டவ அவ, ஆம்பள பொம்பள யாரும் அதுக்கு முன்ன செஞ்சதில்ல. 2010 வான்கூவர்ல தங்கத்த வாங்கிட்டு அந்த வருஷமே பி.யு. வந்து சேந்தா. நானும் உன் மாமாவும் போய் பாத்திருக்கோம், பெண்கள் மேட்ச் பழைய வால்டர் பிரௌன்லதான், கூட்டம் கம்மி, ஐஸ் பக்கத்துலயே உக்காரலாம், பூலன் திரும்பறப்ப ஸ்கேட் கீறற சத்தம் கேக்கும்

அக்கா: 2014 சோச்சி ஃபைனல், அமெரிக்கா 2-1, ஒரு நிமிஷத்துக்கும் கம்மியா இருக்கு, அவ சமன் பண்ணா, ஓவர்டைம்லயும் அவளே போட்டா. நான் லேப்ல வேலைய விட்டுட்டு பாத்தேன். எங்க காலேஜ் பொண்ணு கனடாவுக்கு அடிக்கிறா, சுத்தி இருந்த அமெரிக்கா பசங்களுக்கு யாருக்கு கத்தறதுன்னே தெரியல

அத்தை: அந்த டீம்ல டாரா வாச்சோர்னும் இருந்தா, அவளும் பி.யு. பொண்ணு. 2023ல இருந்து பி.யு. பெண்கள் டீம் கோச் அவதான். அதுக்கு முன்ன 2005ல முதல் சீசன்ல இருந்து கோச்சா இருந்தவர் பிரையன் டூரோஷர், அவரும் 78 டீம் கோலி. நீ சொன்ன வீட்டு ஆளுங்க வரிசைல இத விட்டுட்டியேம்மா

அக்கா: விட்டுட்டேன் அத்தை, சேத்தாச்சு 🙏

நான்: 2009 ஃபைனல் பத்தி யாரும் சொல்லவே இல்லையே, இன்னிக்கு பக்கத்து சீட் பெரியவர் அத பத்தியே பேசினார்

மாமா: அத பேச ஆரம்பிச்சா விடிஞ்சிரும். வாஷிங்டன்ல, மயாமி ஒஹாயோவோட, 3-1ல பின்தங்கி இருக்கோம், ஒரு நிமிஷம்கூட இல்ல, கோலிய வெளிய எடுத்துட்டு கோல் அடிக்க இன்னொரு ஆள இறக்கியாச்சு. ஸாக் கோஹன் ஒண்ணு போட்டான். 17 செகண்ட் இருக்கப்ப நிக் பொனீனோ இன்னொண்ணு. ஓவர்டைம்ல கோல்பி கோஹன் அடிச்ச ஷாட் தடுக்க விழுந்தவன் மேல பட்டு மேல சுத்தி உள்ள விழுந்துச்சு. உங்க அத்தை எழுந்து நின்னு கத்தினதுல கீழ் வீட்டுக்காரங்க வந்து கதவ தட்டினாங்க

அத்தை: கத்தினது நான் மட்டும் இல்ல

மாமா: ஆனா ஹாக்கி குடுத்த அளவுக்கு எடுத்தும் இருக்கு. 1991 ஃபைனல், டோனி அமான்டி, கீத் கச்சக், ஷான் மெக்கீகன்லாம் இருந்த டீம், நார்தர்ன் மிச்சிகன்கிட்ட 8-7, மூணாவது ஓவர்டைம்ல. 2015 பிராவிடன்ஸ்கிட்ட 4-3, நம்ம ஊர் டி.டி. கார்டன் அரீனாலயே, 3-2ன்னு முன்னாடி இருந்தப்ப கோலி கைல பிடிச்ச பக், அந்த ரப்பர் வட்டு, நழுவி உள்ள போச்சு. அந்த பையன இன்னும் திட்றாங்க, எனக்கு கோவமா வரும். சீசன் முழுக்க காப்பாத்தி அங்க கொண்டு போனவன் அவன்தான்

அண்ணன்: 91ல அது மெக்கீக்கர்ன் மாமா, மெக்கீகன் இல்ல

மாமா: சரிடா ஆட்டோகரெக்ட்டு. ஷான் மெக்கீக்கர்ன்

அம்மா: ஏன்டா நீ இப்ப இதுல சேந்து ஆடப் போறதில்லையே?

நான்: அம்மா எனக்கு ஸ்கேட்டிங்கே தெரியாது, பாக்க மட்டும்தான்

அம்மா: அதோட நிறுத்திக்க. குல்லா போட்டு போ

மாமா: மாப்ள பிப்ரவரி முதல் ரெண்டு திங்கக்கிழமை எதுவும் வச்சுக்காத, பீன்பாட். பி.யு., பி.சி., ஹார்வர்ட், நார்த்ஈஸ்டர்ன் நாலும் கார்டன்ல மோதும். நாம மட்டும் 30 தடவைக்கு மேல எடுத்திருக்கோம், வேற யாரும் பக்கத்துல கூட இல்ல. ஸ்டூடண்ட் டிக்கெட் சீக்கிரம் தீந்துரும், அறிவிச்ச அன்னிக்கே எடுத்துரு

அண்ணன்: மாமா எனக்கும் ஒண்ணு சேத்து எடுங்க

மாமா: எந்த சட்டை போட்டு வருவ?

அண்ணன்: மெரூன்தான், வேற என்ன

மாமா: அப்ப நீயே வாங்கிக்க, அந்தப் பக்கம் போய் உக்காரு. மேட்ச் முடிஞ்சு நார்த் ஸ்டேஷன்ல சேந்துக்கலாம், சாப்பாடு என் செலவு

அத்தை: புளியோதரை கட்டி எடுத்துட்டு வர்றேன், ஸ்டேஷன் கடைல யாரும் காச கொட்ட வேணாம்