ஜனவரியில் லூசர்ன்: பனி பார்க்கப் போகலாமா?

கொள்ளிடம்:
சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரத்துக்கு நடுக்குளிரில் போகலாமா என்று பலர் கேட்கிறீர்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். போன ஜனவரியில் அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். "பனி நன்றாக இருக்கும் சார், ஏரிக்கு எதிரே மலை வெள்ளையாக நிற்கும்" என்றார் ஏஜென்ட். அறை வாடகையும் கோடையைவிடக் குறைவு. அம்மாவுக்கு 67 வயது. பனியைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சரி என்று கிளம்பிவிட்டோம்.

மூன்று நாளும் மூடுபனி. ஏரி தெரியும் அறைக்கென்று கூடுதலாகப் பணம் கட்டியிருந்தோம். ஜன்னலைத் திறந்தால் கொஞ்ச தூரத்துக்குத் தண்ணீர், அதற்கு மேல் வெறும் சாம்பல் நிறம். மலை எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. பக்கத்துப் பைலட்டஸ் மலைக்குப் பற்களில் பிடித்து ஏறும் பல்சக்கர ரயில் குளிர்காலத்தில் ஓடாது என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. காலை 8 மணிக்கு விடிந்து மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பணம் செலவழித்துப் போவதென்றால் ஜூனில் போங்கள்.

பனைமரம்:
தம்பி, நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். இருபது வருடத்துக்கு மேலாக லூசர்னுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். உங்கள் மனவருத்தம் விளங்குகிறது, ஆனால் "போக வேண்டாம்" என்பதை ஏற்க மாட்டேன்.

நீங்கள் பார்த்தது பனிப்புகார், அதாவது நீங்கள் சொல்லும் மூடுபனி. நாங்கள் சுருக்கமாகப் புகார் என்போம். எங்கள் தமிழில் பனி என்ற ஒரு சொல்லே புல்லில் நிற்பதற்கும் வானத்தை மூடுவதற்கும் வெள்ளையாக விழுவதற்கும் போதும். இங்கே ஜேர்மன் மொழியில் புகாருக்கு நேபல், வெள்ளையாக விழுவதற்கு ஷ்னே என்று வேறு வேறு சொல். உங்கள் ஏஜென்ட் சொன்ன பனி ஒன்று, நகரம் உங்களுக்குக் காட்டிய பனி இன்னொன்று.

ஜூரா மலைக்கும் ஆல்ப்ஸுக்கும் நடுவில் எங்கள் நிலம் ஒரு தட்டம் மாதிரி. குளிர்ந்த காற்று கனமானது, அது தட்டத்துக்குள் இறங்கித் தங்கிவிடும். மேலே இளஞ்சூடான காற்று மூடிபோலக் கிடக்கும். ஒன்றோடொன்று கலக்காது. அதனால் கீழே நாட்கணக்கில் புகார் நிற்கும். லூசர்ன் ஏறக்குறைய 435 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புகாரின் மேல்மட்டம் பல நாட்களில் 800, 1000 மீட்டரோடு முடிந்துவிடும். ரிகி மலையின் உச்சி 1,798 மீட்டர். நீங்கள் அறைக்குள் இருந்த அதே நேரத்தில் அங்கே வெயில் அடித்திருக்கக்கூடும்.

நகரத்துத் துறையிலிருந்து ரிகியின் அடிவாரத்து விட்ஸ்னாவுக்குக் கப்பலில் ஒரு மணித்தியாலம். கப்பல் குளிர்காலத்திலும் ஓடும், தடவைகள்தான் குறைவு. விட்ஸ்னாவில் இறங்கினால் ரிகிக்குப் பல்சக்கர ரயில் நிற்கும். 1871இல் திறந்த பாதை அது, ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். ஏறத் தொடங்கும்போது யன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. பிறகு அந்த வெள்ளை மெல்ல மஞ்சளாகும். பக்கத்து இருக்கையில் இருப்பவரின் முகத்தில் நிழல் விழும், அதை வைத்தே வெயில் வந்துவிட்டதென்று தெரியும். அடுத்த வளைவில் நீலவானம். கீழே திரும்பிப் பார்த்தால் ஏரி இருந்த இடத்தில் பஞ்சுக்கடல், அதிலிருந்து மலைகள் தீவுகள் போலத் தலைநீட்டும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பைலட்டஸிலும் குளிர்காலத்தில் ஓடாதது பல்சக்கர ரயில் மட்டும்தான். கிரீன்ஸ் என்ற பக்கத்து ஊரிலிருந்து ஏறும் கேபிள் கார் குளிர்காலத்திலும் ஓடும்.

கொள்ளிடம்:
அண்ணா, நீங்கள் சொல்வது மலையைப் பற்றி. நான் ஏரிக்கரை நகரத்துக்கு என்று பணம் கட்டினேன். நகரத்தை விட்டு மேலே ஏறினால்தான் ஏதாவது தெரியும் என்றால் அந்தப் பருவம் நகரத்துக்கு ஏற்ற பருவம் இல்லை என்றுதானே அர்த்தம்? நீங்கள் அங்கேயே குடியிருக்கிறீர்கள், வெயில் வரும் நாளாகப் பார்த்து ஏறுவீர்கள். மூன்று நாள் விசாவும் விடுமுறையுமாக வருகிறவன் என்ன செய்வான்?

நிலாமுற்றம்:
கொள்ளிடம் சார், நகரத்துக்குள்ளேயே எனக்குக் குளிர்காலம்தான் பிடித்தது. கோடையிலும் போயிருக்கிறேன். கபெல்புரூக்கே என்ற அந்தப் பழைய மரப்பாலத்தில் ஜூலையில் நிற்கவே முடியாது. பின்னால் வருகிற கூட்டம் தள்ளிக்கொண்டே போகும். பிப்ரவரியில் ஒருநாள் காலை ஏழரைக்குப் போனேன், இன்னும் சரியாக விடியவில்லை. பாலத்தில் என் காலடிச் சத்தம் மட்டும். கூரையின் உட்புறம் வரிசையாக முக்கோண ஓவியங்கள். 1993 ஆகஸ்டில் பாலம் தீப்பிடித்தபோது அவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன. நடந்துகொண்டே பார்த்தால் ஓவியம், ஓவியம், பிறகு நீளத்துக்கு ஒன்றுமே இல்லாத உத்தரங்கள். போன தடவை கூட்டத்தில் அந்த வெற்றிடத்தைக் கவனிக்கவே இல்லை. கீழே ராய்ஸ் ஆற்றில் சின்னக் கொண்டை வைத்த கறுப்பு வெள்ளை வாத்துகள் முங்கி முங்கி எழுந்தன. வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வருகிறவையாம்.

அப்புறம் தெருவோரத்தில் சுட்ட செஸ்ட்நட். இரண்டு அறை உள்ள காகிதப் பையில் தருவார்கள், ஒன்றில் கொட்டை, இன்னொன்றில் தோலைப் போட்டுக்கொள்ளலாம். கையுறைக்கு மேலேயே சூடு தெரியும். போக்குவரத்து அருங்காட்சியகம் வருடத்தின் எல்லா நாளும் திறந்திருக்கிறது, வெளியே புகார் என்றால் ஒரு முழு நாள் அங்கே போய்விடும். நான் போனது அவர்களுடைய ஃபாஸ்னாக்ட் திருவிழா சமயம். வியாழக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு ஏரியில் வேட்டு வெடித்ததும் முகமூடிக்காரர்களின் பித்தளை வாத்தியம் நகரத்தையே அதிரவைத்தது. அது பெரும்பாலும் ஜனவரியில் வராது, ஈஸ்டரைப் பொறுத்துத் தேதி மாறும்.

கொள்ளிடம்:
தனியாகப் போனால் விடியற்காலையில் எழுந்து பாலத்தில் நிற்கலாம் மேடம். வயதானவரை வைத்துக்கொண்டு முடியாது. இரண்டாம் நாள் ஏரிக்கரைப் படிக்கட்டில் தண்ணீர் உறைந்திருந்தது தெரியவில்லை. அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. மறுநாள் முழுக்க அறையை விட்டு வரவில்லை. என் கோபம் அதனால்தான்.

பனைமரம்:
கேட்கக் கஷ்டமாக இருக்கிறது தம்பி. இப்போது கை சுகமா? வயதானவர்களுக்கு இங்கே முதல் தேவை நல்ல சப்பாத்து, பிறகுதான் ஜக்கெற். அடியில் ஆழமான வெட்டு இருக்க வேண்டும். நீங்கள் போட்டிருந்தது வழக்கமான நடைச் சப்பாத்தாக இருந்தால் கரையோரத்தில் கட்டாயம் வழுக்கும்.

இரண்டு கேள்வி. உங்களிடம் சுவிஸ் டிராவல் பாஸ் இருந்ததா? அம்மா கடைசியில் பனியைத் தொட்டாரா?

கொள்ளிடம்:
பாஸ் இருந்தது, ஏஜென்ட் எடுத்துக் கொடுத்தார். தொடவில்லை. நகரத்தில் பனியே விழவில்லை. ஒருநாள் தூறல், மற்றபடி ஈரம்.

பனைமரம்:
அந்தப் பாஸில் கப்பலும் ரிகி ரயிலும் அடக்கம். தனியாக ரிக்கெற் வேண்டாம். பைலட்டஸுக்குத்தான் பாதிக் கட்டணம் கட்ட வேண்டும். நகரத்தில் பனி விழுவதும் நிற்பதும் நிச்சயமில்லை. இவ்வளவு தாழ்வான இடத்தில் பல தடவை மழையாகவே இறங்கும், விழுந்தாலும் இரண்டு நாளில் கரையும். மேலே ரிகியில் ரயிலை விட்டு இறங்கினாலே பக்கத்தில் பனி கிடக்கும், அம்மா படி ஏற வேண்டியதில்லை.

இனி வருகிறவர்களுக்கும் சொல்கிறேன், எந்த நாளில் மலை என்று ஊரிலிருந்தே முடிவு செய்யாதீர்கள். ரிகி, பைலட்டஸ் உச்சிகளில் நேரலைக் கேமரா இருக்கிறது. காலையில் தேநீர் குடிக்கும்போது பாருங்கள். மேலே வெயில் என்றால் உடனே கிளம்புங்கள். மேலேயும் புகார் என்றால் அன்று நகரத்துக்குள் இருங்கள். வடகிழக்கிலிருந்து பீஸ காற்று பலமாக வீசினால் புகாரின் மட்டம் இன்னும் உயரும், அதையும் சொல்ல வேண்டும். தெற்கிலிருந்து ஃபோன் காற்று வந்தால் வானம் திறந்து மலைகள் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பது போலத் தெரியும்.

கொள்ளிடம்:
வயதானவர்களோடு ஜனவரியில் போக வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. அந்தத் தூரமும் குளிரும் அவர்களுக்கு ஆகாது. மற்றவர்கள் போகலாம், அண்ணா சொல்கிற மாதிரி காலையில் கேமராவைப் பார்த்துவிட்டு.

அம்மாவின் கை சரியாகிவிட்டது. நேற்று ராத்திரி அந்த ரிகி கேமராவை அவரிடம் காட்டினேன். அங்கே இன்னும் பகல், வெயில் அடித்துக்கொண்டிருந்தது, கீழே முழுக்க வெள்ளை. ரொம்ப நேரம் பார்த்தார். "நாம அப்போ இதுக்கு அடியிலயா இருந்தோம்?" என்று கேட்டார்.