பள்ளி கவுன்சலர் வேலை: பிள்ளைகள் சொன்னதை நிர்வாகம் கேட்டால் என்ன செய்வீர்கள்?

புதுவரவு:
இப்போது ஒரு மனநல கிளினிக்கில் இருக்கிறேன். பள்ளி ஒன்றில் கவுன்சலராகச் சேரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. வளரிளம் பிள்ளைகளோடு வேலை பார்க்க ஆசைதான், ஆனால் இன்டர்வியூவிலேயே "வாராவாரம் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று ரிப்போர்ட் கொடுத்துவிடுங்கள்" என்றார்கள். கிளினிக்கில் இப்படி யாரும் கேட்டதில்லை. பள்ளியில் இருப்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? வேலைப்பளு வேறு எப்படி இருக்கும்?

வராண்டா:
சேருவதற்கு முன்பே எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் வம்பு பண்ணுகிறீர்கள் என்பார்கள். எத்தனை பேர் வந்தார்கள், பரீட்சை பயமா, வீட்டுச் சண்டையா, கேலி கிண்டலா என்று பொதுவாகக் கணக்கு கொடுக்கலாம். பெயரும் பேச்சும் கிடையாது. விதிவிலக்கு உண்டு: பிள்ளையின் உயிருக்கு ஆபத்து, யாரோ அவர்களைத் துன்புறுத்துகிறார்கள், அவர்களால் இன்னொருவருக்கு ஆபத்து. இதில் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது, பல நாடுகளில் துன்புறுத்தலைப் புகார் செய்வது சட்டப்படியே கட்டாயம். இதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். அப்படி ஒன்று வந்தால், அம்மா அப்பாவிடம் போவதற்கு முன் "இதை நான் சொல்லியாக வேண்டும், எப்படிச் சொல்லலாம், நீயும் கூட இருக்கிறாயா?" என்று கேளுங்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னது தெரிந்தால் அந்தப் பிள்ளை திரும்ப வராது, அதன் நண்பர்களும் வரமாட்டார்கள்.

கரும்பலகை:
நான் டீச்சர், எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். ரகசியம் ரகசியம் என்று எங்களை ஒரேயடியாக ஒதுக்கிவைத்தால் அந்தப் பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வது என்றே எங்களுக்குத் தெரியாமல் போகிறது. என்ன நடந்தது என்ற கதை வேண்டாம், "இந்த மாதம் வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்காதீர்கள்" என்று சொன்னால் போதும். இன்னொரு விஷயம், நாங்கள் உங்களிடம் அனுப்புவது பெரும்பாலும் கத்துகிற, அடிதடி செய்கிற பிள்ளைகளைத்தான் (ஒத்துக்கொள்கிறேன், சில சமயம் தண்டனை மாதிரியே அனுப்புகிறோம்). நன்றாக எழுதிக்கொண்டிருந்து திடீரென்று வீட்டுப்பாடம் நின்றுபோகிற பிள்ளை, பரீட்சைக்குப் பரீட்சை வயிற்றுவலி என்கிற பிள்ளை, இவர்கள் சத்தமில்லாமல் கடைசி பெஞ்சில் இருப்பார்கள். ஸ்டாஃப் ரூமில் வந்து உட்காருங்கள், பேச்சோடு பேச்சாகத் தெரிந்துவிடும்.

மாடிப்படி:
பளு பற்றி. அமெரிக்கப் பள்ளி கவுன்சலர் சங்கம் 250 மாணவர்களுக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது, பல இடங்களில் அதைவிட எத்தனையோ மடங்கு பேர் ஒருவர் தலையில்தான். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 10 முதல் 19 வயதில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருக்கிறது. 250 பேர் என்றாலே 35 பேர் ஆகிவிட்டது. கிளினிக் மாதிரி மாதக்கணக்கில் தெரபி நடக்காது. சில சந்திப்புகள், தேவைப்பட்டால் வெளியே மனநல மருத்துவரிடம் அனுப்புவது, அவ்வளவுதான். அந்த மருத்துவர் பட்டியலைச் சேரும் முன்பே தயார் பண்ணிவையுங்கள்.

அப்புறம், ஆள் இல்லாத வகுப்புக்குப் போகச் சொல்வார்கள், பரீட்சை ஹாலுக்கும் கூப்பிடுவார்கள். அதையெல்லாம் எப்போதாவது செய்து தொலைக்கலாம். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மட்டும் உட்காராதீர்கள், காலையில் சஸ்பெண்ட் பண்ணியவரிடம் மதியம் எந்தப் பிள்ளையும் மனம்விட்டுப் பேசாது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கவும் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, ஆனால் டீச்சர்கள் பலர் அப்படித்தான் பயப்படுகிறார்கள், அவர்களுக்கும் நீங்கள்தான் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

புதுவரவு:
எல்லோருக்கும் நன்றி. ரிப்போர்ட் விஷயத்தை எழுத்தில் கேட்டு மெயில் போட்டுவிட்டேன். எனக்குக் காட்டிய அறை பிரின்சிபால் அறைக்கு எதிரிலேயே இருக்கிறது, அது பரவாயில்லையா?

வராண்டா:
வேறு அறை கேளுங்கள். உள்ளே போவதை எல்லோரும் பார்க்கிற இடம் என்றால் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் கிடைத்தால் நல்லது, அங்கே யார் எதற்குப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.