பழைய வீட்டோடு ஓர் அறை சேர்த்தால்: டெல்டாக்காரர்களின் செலவு அனுபவங்கள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து

பழைய வீட்டை ஒட்டி ஓர் அறை இழுத்துக் கட்ட எவ்வளவு ஆகும் என்று யாரைக் கேட்டாலும் "சதுர அடிக்கு இவ்வளவு" என்றுதான் பதில் வரும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. சதுர அடி 2,300 ரூபாய். பன்னிரண்டுக்குப் பதினான்கு அறை, அதை ஒட்டி ஐந்துக்கு எட்டு குளியலறை, ஆக 208 சதுர அடி. பெருக்கினால் 4,78,400 ரூபாய். வேலை முடிந்தபோது கையை விட்டுப் போனது 6 லட்சத்து 90 ஆயிரம். இதற்காக மேஸ்திரியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னது காலி மனையில் புதிதாகக் கட்டும் வீட்டுக்கான ரேட். பழசும் புதுசும் சேரும் இடத்தில் ஆகும் செலவு அந்த ரேட்டுக்குள் வராது. எங்கள் இன்ஜினீயர் இதை முதல் நாளே சொல்லி 7 லட்சத்துக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்திருந்ததால் பாதியில் நிறுத்தாமல் முடிக்க முடிந்தது. அந்தக் கூடுதல் இரண்டு லட்சம் எதற்கெல்லாம் போனது என்பதை எழுதினால் அடுத்தவருக்கு உதவும்.

அம்மாவால் இனி மாடி ஏற முடியாது. கொல்லைப்பக்கக் கழிவறைக்கு ராத்திரியில் நடந்து போகவும் முடியாது. அதனால் அறை கீழேதான், குளியலறை உள்ளேயேதான், நடுவில் ஒரு படிகூட இருக்கக் கூடாது என்று தம்பியும் நானும் முடிவு செய்தோம். இந்த "படி கூடாது" என்ற ஒரு வார்த்தைக்கே தனிச் செலவு. மேஸ்திரியின் ரேட் மூன்றடிக் கடைக்கால், இரண்டடி பேஸ்மட்டம் வரைக்கும்தான். எங்கள் கொல்லையோ தெருவை விடத் தாழ்வு. பழைய வீட்டுத் தரையோடு சமமாக வர நான்கடி பேஸ்மட்டம் தேவைப்பட்டது. கூடுதல் இரண்டடிக்குச் சுவரும் வேண்டும், உள்ளே நிரப்ப மண்ணும் வேண்டும். 208 சதுர அடிக்கு இரண்டடி என்றால் 416 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்று பார்த்தால் நான்கு யூனிட் சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் தண்ணீர் விட்டு இடித்தால் மண் அமுங்கும். ஐந்தரை யூனிட் இறங்கியது. அரையடிக்கு ஒரு தரம் நிரப்பி, தண்ணீர் விட்டு, இடித்து, பிறகு அடுத்த அரையடி. இதில் அவசரப்பட்டால் இரண்டு வருடத்தில் டைல்ஸ் உள்வாங்கும். வயதானவர் நடக்கும் தரையில் அது நடக்கக் கூடாது.

அடுத்தது களி. நம்ம பக்கத்து மண்ணைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊறி உப்பும். பழைய வீடு நாற்பது வருடமாக இந்த மண்ணில் உட்கார்ந்து தன் இடத்தைப் பிடித்துவிட்டது. புது அறை இனிமேல்தான் உட்கார வேண்டும். இரண்டையும் பூட்டிக் கட்டினால் புதுசு இறங்கும்போது பழசையும் இழுக்கும். மேஸ்திரி பழைய சுவரைப் பல் பல்லாகக் கொத்தி, புதுச் சுவரை அதோடு கோக்கலாம் என்றார். இன்ஜினீயர் அதற்கு ஒப்பவே இல்லை. புது அறைக்குத் தனிக் கால்கள், தனிச் சுவர், தனித் தளம். பழைய சுவருக்கும் புதுசுக்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, தெர்மாகோல் பலகை வைத்து, மேலே மழைநீர் இறங்காமல் மூடி போடச் சொன்னார். வாசல் வரும் இடத்தில் மட்டும் ஒரு பட்டை போட்டு மறைத்தார்கள். ஒரு மழைக்காலம் போய்விட்டது. சுவரில் கீறல் இல்லை.

கடைக்கால் பள்ளத்தைப் பழைய சுவரை ஒட்டி ஆழமாக வெட்டவும் அவர் விடவில்லை. பழைய கடைக்காலுக்குக் கீழே மண்ணை எடுத்தால் அது பிடிமானம் இழக்கும். அதனால் சுவரிலிருந்து தள்ளி, பன்னிரண்டடி ஆழத்துக்குக் கை போர் போட்டு, அடியில் குமிழ் மாதிரி அகலப்படுத்தி, கம்பி இறக்கிக் கான்கிரீட் போட்டார்கள். அண்டர் ரீம்டு பைல் என்பார்கள். மேலே உள்ள மண்தான் வெயிலுக்கும் மழைக்கும் சுருங்கி விரியும். அதற்குக் கீழே போய்ப் பிடித்துக்கொண்டால் மேலே நடப்பது கட்டடத்தை அசைக்காது. இதற்கு மட்டும் கூடுதலாக 80 ஆயிரம். மண்ணுக்குள் போவதால் அந்தப் பணம் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் பலரும் முதலில் இதில் கை வைக்கிறார்கள். டைல்ஸைக் குறையுங்கள், கதவை வேம்பில் போடுங்கள், பூச்சுக்கு மேல் பட்டி பார்ப்பதை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். இதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பழைய சுவரை உடைத்து வாசல் வைப்பதற்கு 27 ஆயிரம் ஆனது. முட்டுக் கொடுத்து, மேலே பாரம் தாங்க லிண்டல் போட்டு, பிறகுதான் உடைக்க வேண்டும். சக்கர நாற்காலி நுழையும்படி மூன்றரை அடி அகலம். செப்டிக் டேங்குக்குக் குழாய் இழுத்ததில் ஒரு தொகை, வயரிங்கில் ஒரு தொகை. இவற்றை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

எஸ்டிமேட்டைச் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். கூரைக்கு ஐந்து அங்குலத் தளம் என்றால் 208 சதுர அடிக்கு 87 கன அடி கான்கிரீட், ஏறக்குறைய இரண்டரை கன மீட்டர். சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் கன மீட்டருக்கு எட்டு மூட்டை சிமெண்ட் என்று வைத்தால் இருபது மூட்டை. கம்பி இருநூறு கிலோ சுமார். இதைவிட மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

பணத்தை மாதத்தோடு சேர்த்துத்தான் பிரித்தோம். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வங்கியில் ஏறியதும் மாசியில் கடைக்கால். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து பாமணி ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் கொல்லையில் ஊற்று மேலே ஏறிவிடும், பள்ளத்தில் மோட்டார் போட்டு இறைக்கிற செலவு வந்துவிடும். தளம் ஆடிக்குள். ஐப்பசி வரை இழுத்தால் மழையில் ஆள் வராது, செண்ட்ரிங் பலகைக்கு வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

வேதாரண்யத்திலிருந்து

அண்ணன் எழுதியது அத்தனையும் சரி. கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு செலவு இருக்கிறது. அது தண்ணீர்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரை ஏறியபோது எங்கள் வீட்டு ஓடு முழுக்கப் போனது. மறுபடி ஓடே போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரே ஓர் அறை மட்டும் கான்கிரீட் தளத்தில் கட்டினோம். அடுத்த புயலுக்கு எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பதுதான் எண்ணம். மொத்த வீட்டையும் மாற்றக் காசு இல்லாதவர்களுக்கு இது நல்ல வழி என்று இன்றைக்கும் சொல்வேன்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரில் கான்கிரீட் கலந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பெயர்க்கும். தெருவில் பத்துப் பதினைந்து வருடமே ஆன வீடுகளில் சன்ஷேடு உதிர்ந்து கம்பி தெரிவதைப் பார்க்கிறோமே, அதற்கு இது ஒரு பெரிய காரணம். கலப்பதற்கு மட்டும் நல்ல தண்ணீர் வாங்கினால் போதாது, தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதற்கும் சுவரை நனைப்பதற்கும் அதே தண்ணீர்தான் வேண்டும். அதனால் தண்ணீர் லாரிக்கு எஸ்டிமேட்டில் தனியாக ஒரு தொகை எழுத வைத்தோம். கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடும் கனத்தையும் கூட்டிப் போடச் சொன்னோம். கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக்கை வேலையாட்கள் வைக்காமல் விட்டுவிடுவார்கள், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் நீங்களே ஏணியில் ஏறி ஒரு தரம் பாருங்கள்.

கடற்கரை மணலை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்கவே வாங்காதீர்கள்.

திருவையாற்றுக்காரி, இப்போது டொரண்டோவில்

மன்னார்குடி அண்ணா எழுதிய களிமண் கதையைப் படித்தபோது எனக்கு இங்கே நடந்ததே நினைவுக்கு வந்தது. அப்பாவும் அம்மாவும் வந்தால் தங்க வீட்டின் பின்னால் 200 சதுர அடியில் ஓர் அறை சேர்த்தோம். இங்கேயும் முதல் பணம் மண்ணுக்குள்தான் போகிறது, காரணம்தான் வேறு. குளிர்காலத்தில் மண்ணில் உள்ள ஈரம் உறைந்து உப்பி, மேலே இருப்பதைத் தூக்கிவிடும். அதனால் அஸ்திவாரம் உறைபனி எட்டும் ஆழத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எங்கள் பகுதிக்கு நான்கடி. சின்ன அறைதானே என்று குறைக்க விட மாட்டார்கள், நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்து பள்ளத்தைப் பார்த்த பிறகுதான் கான்கிரீட்.

எங்களுக்குச் சொன்ன ரேட் சதுர அடிக்கு 350 டாலர். 70,000 டாலர் என்று மனதில் போட்டுக்கொள்வோம், ஆனால் அதற்கு மேல் 13 சதவீதம் வரி, 9,100 டாலர், தனி. வரைபடம், பெர்மிட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் எல்லாம் அதற்கும் வெளியே. ஊரில் நாம் நினைத்தே பார்க்காத ஒரு செலவு வெப்பம். புது அறைக்கும் சேர்த்துச் சூடேற்ற பழைய ஃபர்னஸ் தாங்குமா என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். தாங்காவிட்டால் அறையின் விலையில் ஃபர்னஸும் சேர்ந்துகொள்ளும். சுவருக்குள் அடைக்கும் பஞ்சு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், பனியின் பாரம் தாங்கும் கூரை இவற்றில் பேரம் பேச இடமில்லை.

உங்களுக்கு ஐப்பசி போல எங்களுக்கு நவம்பர். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் கான்கிரீட்டைப் போர்த்தி, ஹீட்டர் வைத்துக் காக்க வேண்டும். அந்த ஹீட்டருக்கும் எரிவாயுவுக்கும் பில் நமக்குத்தான். பனி உருகியதும் தொடங்கி, இலை உதிர்வதற்குள் கூரையை மூடிவிட வேண்டும் என்று திட்டமிட்டோம்.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு தவணையிலும் 10 சதவீதத்தைக் காண்ட்ராக்டரிடம் கொடுக்காமல் பிடித்து வைக்க வேண்டும் என்று ஒண்டாரியோ சட்டமே சொல்கிறது. அவருக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கும் பொருள் கொடுத்தவர்களுக்கும் பணம் போய்ச் சேரவில்லை என்றால் அந்தத் தொகை அவர்களுக்குப் பாதுகாப்பு. உழைத்தவரின் கூலியை இப்படிக் காப்பது நியாயம் என்று மனதார நினைக்கிறேன். ஊரில் யாராவது இப்படிச் செய்ததுண்டா, அண்ணா?

கும்பகோணத்திலிருந்து

எங்களுடையது அக்ரஹாரத்து வீடு. தேக்கு உத்தரம், சுண்ணாம்புக் காரை, செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். அந்தக் கூரைமேல் ஓர் அறை கட்ட விலை கேட்டோம். ஒருவர் வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் வாசலில் நின்றே ரேட் சொன்னார். அவரை அத்தோடு அனுப்பிவிட்டோம். இன்னொருவர் உத்தரத்தின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தைத் தட்டிப் பார்த்தார், கடைக்கால் ஓரத்தில் ஒரு குழி வெட்டிப் பார்த்தார், பிறகுதான் பேசினார். இந்தச் சுவர் புது பாரம் தாங்காது, கட்டத்தான் வேண்டுமென்றால் கீழிருந்தே தூண் எழுப்ப வேண்டும், அதற்குக் கூடத்தை உடைக்க வேண்டும் என்றார்.

தூணோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அண்டை வீட்டுக்காரரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும், சுவர் அவருடையதும்தானே. மாடி எண்ணத்தை விட்டோம். கொல்லையில் கிணற்றடிக்கு இப்பால் தனியாக ஓர் அறை கட்டிக்கொண்டோம். பார்த்துச் சொன்னதற்கு அந்த இன்ஜினீயர் வாங்கியது 5,000 ரூபாய்தான். வீடு தப்பித்தது.

மீண்டும் மன்னார்குடியிலிருந்து

திருவையாற்றுத் தங்கச்சி கேட்டதற்கு: நம்ம பக்கம் சின்ன வேலைகளுக்கு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் நாங்கள் ஒப்பந்தத்தாளில் கடைசி 40 ஆயிரத்தை ஒரு மழை தாண்டிய பிறகு தருவதாக எழுதிக்கொண்டோம். மேஸ்திரி முதலில் தயங்கினார். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமைக் கூலி ஒரு வாரமும் நிற்காது, நிறுத்தி வைப்பது உங்கள் லாபத்திலிருந்து மட்டும்தான் என்று எடுத்துச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். கார்த்திகையில் விடாமல் மழை பெய்தபோது அவரே வந்து மாடியில் அந்த இடைவெளி மூடியைப் பார்த்தார், ஓர் ஓரத்தில் பூச்சு விட்டிருந்தது, சரி செய்தார். தையில் பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

கும்பகோணத்து ஐயாவுக்கு ஒன்று. கிணற்றடி அறை என்கிறீர்கள். கிணற்றை ஒட்டி மண் எப்போதும் ஈரமாக இருக்கும், அந்தப் பக்கத்துக் கடைக்கால் எவ்வளவு தள்ளி வந்திருக்கிறது என்று எழுதினால் நல்லது. எங்கள் சித்தப்பா வீட்டிலும் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள், தையில் தொடங்க இருக்கிறார்கள்.