கடைக்கு எந்த போன் வாங்கலாம்? ஆர்டர் கைநழுவிப் போகிறது

ஈரோட்டில் சின்னதாக ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறேன், ஆர்டர் முழுக்க வாட்ஸ்அப் பிசினஸில்தான். இப்போதுள்ள ஆண்ட்ராய்டு போன் (கம்பெனி பெயர் வேண்டாம்) பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆப்பைத் தூங்க வைத்துவிடுகிறது, காலையில் வந்த ஆர்டரை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிறேன், அதற்குள் பார்ட்டி வேறு கடைக்குப் போயாச்சு. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்தும் பார்த்தேன், அப்டேட் வந்ததும் பழையபடிதான்.

20,000 ரூபாய்க்குள், இரண்டு சிம், நாலைந்து வருடம் செக்யூரிட்டி அப்டேட். கேமராவில் சேலை நிறம் மாறாமல் தெரிந்தால் போதும், செல்ஃபி எடுக்கிற வயசெல்லாம் தாண்டியாச்சு.

அப்புறம், ஒரே கணக்கில் 4 சாதனங்களை இணைக்கலாமே, கடைப் பையனிடமும் ஒன்று கொடுத்து நடத்துகிறவர்கள் ஒரே ஆர்டருக்கு இரண்டு பேரும் பதில் போடாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? சாட்டுக்கு லேபிள் (ஆப்பில் உள்ள அடையாளக் குறி) போட்டால் சரியாகுமா? வியாபாரத்துக்குப் பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.