ஹாம்ஸ்டர் பகலெல்லாம் தூங்குகிறது, ராத்திரி கம்பியைக் கடிக்கிறது, உடம்புக்கு ஏதாவதா?

பெரம்பூர்க்காரி:
பக்கத்து வீட்டில் மாற்றலாகிப் போனவர்கள் வைத்துக்கொள்ள முடியாது என்றதால் அவர்களுடைய இரண்டு சிரியன் ஹாம்ஸ்டர்களை (எலி மாதிரி இருக்குமே, அந்தச் சின்ன வளர்ப்புப் பிராணி), அதே கூண்டோடு, நாங்கள் எடுத்துக்கொண்டு பத்து நாள் ஆகிறது. பெரியது பகல் முழுக்கச் சுருண்டு கிடக்கிறது, எழுப்பினால் கடிக்க வருகிறது, ராத்திரி பதினோரு மணிக்குக் கம்பியைக் கடிக்க ஆரம்பித்தால் விடியும்வரை விடுவதில்லை. அதன் இடுப்பில் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு புள்ளி, உண்ணியா? மதியத்தில் தரையோடு தட்டையாகப் படுத்துக்கொள்கிறது. நேற்று இரண்டும் உருண்டு சண்டை போட்டன, சின்னதன் காதில் ரத்தம். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தைக் கொஞ்சம் கொடுக்கலாமா? என் மகள் அழுதுகொண்டே இருக்கிறாள்.

கூண்டுக்காரன்:
அக்கா, இப்போதே இரண்டையும் பிரித்துவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். சிரியன் வளர்ந்துவிட்டால் தனியாகத்தான் இருக்கும், கூடப் பிறந்ததையே கடித்துக் கொன்றுவிடும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் இன்னொரு விஷயம், சினையாகி 16 நாளிலேயே குட்டி போட்டுவிடும். வயிறு உப்பியிருந்தால் அந்தக் கூண்டைக் கிளறாதீர்கள், பிறந்த குட்டியைக் கையால் தொடாதீர்கள், பயந்துபோன தாய் குட்டியைத் தின்றுவிடுவது உண்டு.
அந்தப் புள்ளி உண்ணி இல்லை. வாசனைச் சுரப்பி, சிரியனுக்கு இரண்டு விலாவிலும் இருக்கும், ஆணுக்கு நன்றாகவே தெரியும். தயவுசெய்து பிடுங்கப் பார்க்காதீர்கள். பகல் தூக்கமும் நோய் இல்லை, அது ராத்திரிப் பிராணி. சாயங்காலம் தானாக எழுந்து வந்த பிறகு கையில் விதை வைத்துக் கூப்பிடுங்கள்.

கத்திரிவெயில்:
தட்டையாகப் படுப்பது சூட்டுக்காக. அதற்கு 20லிருந்து 24 டிகிரி இதம், நம்ம ஊர் மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். போன வருடம் ஜன்னலோரம் வைத்திருந்த என்னுடையதை ஒரே மதியத்தில் இழந்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. வீட்டிலேயே குளிர்ச்சியான அறைக்கு மாற்றுங்கள், கூண்டுக்குள் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வாசல் மாதிரி ஓரத்தை உடைத்து, கூர்மையைத் தேய்த்துவிட்டு வையுங்கள், ஐஸ் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூண்டுக்கு வெளியே சாய்த்து வையுங்கள். தண்ணீரில் மட்டும் குளிப்பாட்டக் கூடாது.

வேப்பேரி_பக்கம்:
அந்தச் சொட்டு மருந்து வேண்டாம்! பென்சிலின், அமாக்சிசிலின் வகை வாய்வழி போனால் ஹாம்ஸ்டரின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து உயிரே போய்விடும். காதுக் காயத்தை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். வால் பக்கம் ஈரமாக, நாற்றத்தோடு பேதி போனால் அதற்குப் பெயர் வெட் டெயில், ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் ஓடுங்கள்.
கம்பி கடிப்பது பெரும்பாலும் இடம் போதாததால்தான். பெரிய பெட்டி, அடியில் ஆறு அங்குல உயரத்துக்குக் குறையாமல் காகிதத் துகள், ஓடி விளையாட 28 செ.மீ.க்குக் குறையாத விட்டமுள்ள சக்கரம் கொடுத்துப் பாருங்கள். பஞ்சு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், காலில் சுற்றிக்கொள்ளும், கன்னப் பையில் அடைத்துக்கொள்ளும்.

பெரம்பூர்க்காரி:
பிரித்துவிட்டோம், சின்னது இப்போதைக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவில், மூடியில் ஓட்டை போட்டு இருக்கிறது. பஞ்சு இருந்தது, எடுத்துவிட்டேன். காலையில் வேப்பேரி போகிறோம். மண்சட்டி வைத்த அஞ்சு நிமிஷத்தில் பெரியது உள்ளே போய்ப் படுத்துவிட்டது, மகள் இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தாள்.