‘நான்’ எங்க வந்து மாட்டிச்சு? பௌத்தப் பயிற்சி பண்றவங்க அனுபவம் சொல்லுங்க

தாமிரபரணி77:
புத்தகயால நடந்தது, இன்னும் மண்டைய விட்டுப் போகல. மகாபோதி கோயிலுக்குப் போனவங்களுக்குத் தெரியும், குளிர்காலத்துல திபெத்காரங்க புல்வெளி பூரா பலகை போட்டு விழுந்து விழுந்து எந்திரிச்சுட்டே இருப்பாங்க, ஒரு லட்சம் நமஸ்காரம் கணக்கு, முட்டிக்கு மெத்தை, கை வழுக்கிட்டுப் போக துணி. நான் கோயங்கா சொல்லிக் கொடுத்த விபாசனா தியான வழியில உக்கார்ற ஆளு, விழறதெல்லாம் நம்ம பயிற்சில கிடையாது. பக்கத்துல ஒரு பாட்டி, எழுபதுக்கு மேல இருக்கும், மூச்சு வாங்க உக்காந்தவங்க தன் பலகையைத் தட்டிக் காட்டி நீ பண்ணுன்னு சைகை காட்டினாங்க. சரின்னு விழுந்தேன். நெத்தி பலகைல படுது, பின்னாடி தமிழ்க் குரல். கயால பிண்டம் வச்சுட்டு அப்படியே புத்தகயா பாக்க வர்ற டூர் பஸ் கூட்டம். “ஏங்க, இவரு நம்ம ஊர்க்காரர் மாதிரி இல்ல?”

அவ்வளவுதான். காது ரெண்டும் சுட்டுச்சு, வயித்துல ஒரு இறுக்கம், எந்திரிச்சா மூஞ்சி தெரியும், எந்திரிக்கலைன்னா இன்னும் நின்னு பாப்பாங்க. ஒரு மணி நேரம் அசையாம அதிட்டானம் உக்காந்து முட்டி வலி முதுகு வலியெல்லாம் அனிச்சா அனிச்சான்னு, அதாவது நிலையில்லாததுன்னு, பாத்த உடம்பு, இந்த ஒரு வரிக்குப் பதறுது. போனைக்கூட உள்ள விடமாட்டாங்க, யாரும் வீடியோ எடுத்து ஊர்ல போட்டுக் காட்டப் போறதில்ல, அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் நூறு பேர் இந்தில பேசிட்டுக் கடந்து போனாங்க, ஒண்ணுமே ஆகல. ‘நம்ம ஊர்க்காரர்’னு காதுல விழுந்ததும் என் வேலை, எங்க குடும்பப் பேரு, ஊர்ல என்னைப் பத்தி என்ன நினைக்கிறாங்களோ அது மொத்தமும் எங்கிருந்தோ வந்துடுச்சு. அப்போ அது எனக்குள்ள இருக்கா, என் பாஷை தெரிஞ்சவங்க கண்ணுல இருக்கா? உங்களுக்கு எங்க மாட்டிச்சுன்னு எழுதுங்க.

சமையக்கட்டு:
கோயங்கா தியான கோர்ஸ்ல உக்காந்தா யாரும் நம்மள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அங்க கிச்சன் வேலைன்னு சேவைக்குப் போனாத்தான் தெரியும் சார். நான் ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். சேவைக்கு வர்றவங்க தேவைக்கு மேல பேசக்கூடாதுங்கறதால கிச்சன்ல யாருக்கும் நான் யாருன்னு தெரியாது. பதினோரு மணிக்கு சாப்பாடு போயாகணும், பீன்ஸ் மலையா குவிஞ்சு கிடக்கு. பொறுப்புல இருந்த பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசு இருந்தா அதிகம். நான் நறுக்கி வச்ச தட்டை எடுத்துப் பாத்தா, திரும்ப என் முன்னாடியே கொட்டினா, “ஆன்ட்டி, ஒரே சைஸா வேணும், இன்னும் பொடியா”. கோபமா சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னா. உள்ள ஒரு குரல் வந்துச்சு பாருங்க, ‘உனக்கு நான் யாருன்னு தெரியுமா’ன்னு, அது காலைல பிரேயர்ல மைக்ல பேசுவேனே அந்தக் குரல், அதே ஏத்த இறக்கம். மத்தியானம் ரெண்டரை மணி சிட்டிங் பூரா மூச்சுக்குப் பதிலா அந்தக் குரல்தான் ஓடுச்சு.

இதை விட என்னை அலைக்கழிக்கிறது அடுத்து நடந்ததுதான். ரெண்டு நாள் கழிச்சு அதே பொண்ணு எல்லார் முன்னாடியும் “ஆன்ட்டி மாதிரி நறுக்குங்க”ன்னு சொன்னா. அப்போ உள்ள என்ன ஒரு குளிர்ச்சி! அடிச்சப்போ எந்திரிச்சது எதுவோ அதுதான் தடவிக் கொடுத்தப்பவும் எந்திரிச்சுது. அடி வாங்கினா ஈகோன்னு கண்டுபிடிச்சிடறோம், இந்தக் குளிர்ச்சியை யார் கண்டுபிடிக்கிறது?

மேகமலை:
கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலைல போதி ஜென்டோன்னு ஜென் தியான மையம். தனிச் சந்திப்பு, கோவான், அதாவது குரு கொடுக்கற புதிர்க் கேள்வி, அதுக்குப் பதில் எடுத்துட்டு அவர்கிட்ட போகணும். ராத்திரி பூரா யோசிச்சு ஒரு பதில் தயார் பண்ணி, எப்படிச் சொல்லணும்னு பாத்ரூம்ல சொல்லிப் பாத்துட்டுப் போனேன். வாயத் திறந்து ரெண்டு வார்த்தை, மணி அடிச்சாச்சு. மணி அடிச்சா வணங்கிட்டு வெளிய வரணும், அதான் முறை. வரிசைல அடுத்து உக்காந்திருந்தவர் என்னை ஏறிட்டுப் பாத்தாரு, இவ்வளவு சீக்கிரமாங்கற மாதிரி. பதில் போனதுகூட வலிக்கல, அந்தப் பார்வைதான் இன்னும் வலிக்குது.

பெரம்பூர் வாசகன்:
எல்லாரும் நல்லா எழுதுறீங்க, ஆனா எனக்கு ஒரு விஷயம் உறுத்துது, சொல்லிடறேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா பீன்ஸ் நறுக்கினா அது பயிற்சி. எங்க ஆயா வாழ்க்கை பூரா அடுத்த வீட்ல பாத்திரம் தேய்ச்சாங்க, அவங்ககிட்ட போய் ஈகோவை விடுன்னு யாராவது சொன்னா என்ன அர்த்தம்? அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல சென்னைல சாக்கிய பௌத்த சங்கம் ஆரம்பிச்சது எங்களுக்குத் தலை நிமிர்றதுக்காக. 1956 அக்டோபர் 14, நாக்பூர்ல லட்சக்கணக்கான பேர் பௌத்தம் ஏத்ததும் அதுக்காக. அன்னிக்கு அம்பேத்கர் சந்திரமணி மகாதேரர்கிட்ட சரணம் வாங்கினாரு, புத்தர் சிலை முன்னாடி கைகூப்பி வணங்கினாரு. அவர் வணங்கினது அவரா முடிவு பண்ணினது. யாரும் குனிய வைக்கல. இந்த வித்தியாசம் உங்க பதிவு எதுலயும் இல்ல.

என் அனுபவம்னு கேட்டீங்கன்னா, நாக்பூர்ல அம்பேத்கர் பௌத்தம் ஏத்த அந்த இடம், தீக்‌ஷாபூமி, அங்க விஜயதசமிக்குப் போயிருந்தேன். கூட்டம்னா கூட்டம், தரையில துணி விரிச்சு படுத்திருந்தோம். பக்கத்துல விதர்பா கிராமத்து அம்மா ஒருத்தங்க, மூட்டையப் பிரிச்சு பாக்ரி ரொட்டில பாதியைப் பிச்சு என் கைல வச்சாங்க, “ஜெய் பீம்”னாங்க. எந்த ஊருன்னு கேட்டாங்க, பேரைக் கேட்டாங்க, அதோட நிறுத்திட்டாங்க. அடுத்த கேள்வி வரும்னு என் தோள் ரெண்டும் இறுகிக் காத்துட்டு இருந்துச்சு. வரல. அந்த இறுக்கம் தானா அவிழ்ந்தப்போதான் சின்ன வயசுலேர்ந்து அதைத் தூக்கிட்டுத் திரியறேன்னே எனக்குத் தெரிஞ்சுது. நீங்க சொல்ற ‘நான்’ எனக்கு விட்டது அங்கதான், ஆனா யாரும் என்னைச் சின்னவனாக்கி அது விடல.

வினயம்னு துறவிகளுக்கான விதி நூல்ல உபாலி கதை தெரியும்ல? அனுருத்தர், ஆனந்தர், பத்தியர்னு புத்தரோட சாக்கிய குலத்துப் பிள்ளைங்க துறவுக்கு வரும்போது நாவிதர் உபாலியும் கூட வர்றாரு. நாங்க பெருமை பிடிச்ச ஆளுங்க, முதல்ல உபாலிக்குக் கொடுங்க, அப்பத்தான் நாங்க அவரை வணங்கி எழுந்து நிப்போம்னு அவங்களே புத்தர்கிட்ட கேக்கறாங்க. கேட்டது மேல இருந்தவங்க. உபாலியை யாரும் நீ பெருமையை விடுன்னு சொல்லல.

பாங்காக் தமிழன்:
நான் தாய்லாந்துல கொஞ்ச காலம் தற்காலிகத் துறவு எடுத்தவன். இங்க புருவத்தையும் சேத்து மழிச்சிடுவாங்க, விழற முடியை தாமரை இலைல ஏந்துவாங்க, அப்புறம் குரு கேசா, லோமா, நகா, தந்தா, தசோன்னு முடியிலேர்ந்து தோல் வரைக்கும் அஞ்சையும் சொல்லிக் கொடுப்பாரு. மழிச்சதும் வெளிய கண்ணாடிக் கதவுல ஒருத்தர் தெரிஞ்சாரு, வழி விட்டு ஒதுங்கி நின்னேன், அவரும் ஒதுங்கினாரு. அவ்வளவுதான் என் கதை.

இப்போ ஒவ்வொருத்தருக்கா சொல்றேன். தாமிரபரணி சார், திரும்ப விழணும்னு தோணினா முதல்ல வீட்ல விழுங்க, தெரிஞ்சவங்க முன்னாடி, அங்கதான் பிரச்சனையே. முட்டிக்கு மடிச்ச போர்வை போடுங்க, வயசானா முட்டி போயிடும். சமையக்கட்டு அம்மா, நீங்க சொன்ன குளிர்ச்சிக்கு அபிதம்மம்னு மனசைப் பகுத்துச் சொல்ற பௌத்த நூல்ல நேரடியாவே இடம் இருக்கு, மானம்னா இங்க கௌரவம் இல்ல, நான்ங்கற ஒப்பீடு, அது மூணு விதம், நான் மேல, நான் சமம், நான் கீழ, மூணும் மானம்தான். அதனால பாராட்டு வந்த அன்னிக்கு கூடுதலா ஒரு சிட்டிங் போடுங்க, திட்டு வாங்கின அன்னிக்குத் தேவையில்ல. இன்னொண்ணு, யாரும் ஒரு கோர்ஸ்ல இது போயிடும்னு எதிர்பாக்காதீங்க. இதுதான் நான்னு ஒரு ஆத்மா இருக்குங்கற கருத்து சோதாபன்னங்கற முதல் ஞான நிலையிலேயே அறுந்துடும், ஆனா மானம் கடைசி நிலைல, அரகந்தர் ஆனாத்தான் போகும், ரெண்டும் ஒண்ணு இல்ல. கேமக சுத்தம்னு (சுத்தம்னா பாலில பௌத்த உரை) ஒண்ணு இருக்கு, படிங்க. கேமகர் உடம்பு முடியாம கோசாம்பில பதரிகாராமத்துல படுத்திருக்காரு, மூத்த பிக்குகள் தாசகரை அனுப்பி கேள்வி மேல கேள்வி கேக்கறாங்க, கடைசில அவரே தடி ஊனிக்கிட்டு வந்து சொல்றாரு. அஞ்சு கந்தத்துல, அதாவது உடம்பு, உணர்ச்சின்னு நம்மள உண்டாக்கற அஞ்சு தொகுதில, எதையும் நான்னு நான் எடுத்துக்கல, ஆனா ‘இருக்கேன்’ங்கிறது இன்னும் விடலன்னு. வண்ணான் உவர்மண்ணும் சாணியும் போட்டு வெளுத்த துணி சுத்தமாத்தான் இருக்கும், ஆனா அந்த வாடை இருக்கும், வாசனைப் பெட்டில வச்சாத்தான் போகும், அது மாதிரின்னு சொல்றாரு. நோயாளி இப்படிப் பேசினதைக் கேட்டு அறுபது மூத்த பிக்குகளும் கேமகரும் சேர்ந்தே விடுதலை அடைஞ்சாங்கன்னு சுத்தம் முடியும். பெரம்பூர் தம்பி, உங்களுக்கும் அதேதான், நான் கீழங்கறதும் மானம், அதையும் பாருங்க. தினம் மெத்தா, அதாவது அன்பு பரப்பற தியானம், பண்ணுங்க, முதல்ல உங்களுக்கே. ராத்திரி சாப்பாட்டைக் குறைங்க.

பெரம்பூர் வாசகன்:
அண்ணே, நான் கீழன்னு எப்போ சொன்னேன்? திரும்பப் படிங்க. அடுத்தவன் என் மேல வச்ச பாரத்தை என் மானம்னு சொல்லாதீங்க. தேரகாதான்னு மூத்த துறவிகளோட பாட்டுத் தொகுப்புல சுனீதர் இருக்காரு, வாடின பூவைப் பொறுக்கிப் போடற குலம், எல்லாரையும் பணிஞ்சு வணங்கித்தான் வாழ்ந்தேன்னு அவரே சொல்றாரு. அவர் கடைசில இந்திரனும் பிரம்மாவும் வந்து வணங்கினதாப் பாடறாரு. அதை வெக்கப்படாம பாடி வச்சிருக்காரு, யாரும் அது மானம்னு வெட்டல.

சமையக்கட்டு:
பெரம்பூர் தம்பி, உங்க ஆயா பத்தி எழுதினது நியாயம், பதில் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல, படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். உபாலி கதைல மட்டும் ஒண்ணு சேத்துக்கறேன். அன்னிக்கு வந்த சாக்கியங்கள்ல தேவதத்தனும் ஒருத்தன். அவனும் உபாலிக்கு அடுத்துத்தான் துறவு வாங்கினான். அப்புறம் சங்கத்தையே உடைச்சான். அப்போ கும்பிடறது மட்டும் போதலைன்னு தெரியுது. போதறது எதுன்னுதான் நானும் தேடறேன். நீங்க சொன்ன அந்த அம்மா மாதிரி அடுத்த கேள்வியைக் கேக்காம விடறதுதானோன்னு தோணுது. ஸ்கூல்ல அட்மிஷன் ஃபார்ம்ல அந்தக் கேள்வியைத்தான் வருஷா வருஷம் பெத்தவங்ககிட்ட கேட்டு எழுதினேன், கேட்டவுடனே அவங்க தோள் எப்படி மாறும்னு இப்போதான் ஞாபகம் வருது. தீக்‌ஷாபூமிக்கு எங்கள மாதிரி ஆளுங்க வரலாமா தம்பி?

பெரம்பூர் வாசகன்:
தாராளமா வாங்கம்மா. சென்னைலேர்ந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் ட்ரங்க் ரெண்டும் நாக்பூர்ல நிக்கும், ஆனா விஜயதசமி சமயம்னா டிக்கெட் ஓப்பன் ஆன அன்னிக்கே போட்டுடுங்க, ஸ்லீப்பர்ல அப்புறம் கால் வைக்க இடம் இருக்காது. புக் ஸ்டால் நிறைய இருக்கும், பையைக் காலியா எடுத்துட்டு வாங்க. படுக்க ஒரு போர்வை போதும்.