ஜிலேபி குட்டையில் பூண்டும் மஞ்சளும்

பாகூர் பக்கம் பண்ணைக்குட்டையில் ஜிலேபி கெண்டை வளர்க்கிறேன். ஆண் குஞ்சு மட்டும்தான் விடுவேன். கத்திரி வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் எனக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா நோய் பயம் வந்துவிடும். அது தாக்கினால் கண் பிதுங்கும், மீன் நேராக நீந்தாமல் சுற்றும், அப்புறம் சாகும். உடனே ஆன்டிபயாடிக் தேடி ஓடுபவர்கள் உண்டு. என் குட்டைத் தண்ணீர் நெல் வயலுக்குப் பாய்கிறது, அதனால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

மாசியிலேயே தீவனத்தில் பூண்டு சேர்க்கத் தொடங்கிவிடுவேன். கிலோ தீவனத்துக்கு 10 கிராம் பச்சைப் பூண்டு. நசுக்கிக் கொஞ்ச நேரம் அப்படியே விட வேண்டும், அப்போதுதான் கிருமியை எதிர்க்கும் அல்லிசின் என்ற பொருள் உண்டாகும். கொதிக்க வைத்தால் அது கெட்டுவிடும். விழுதைக் கஞ்சியில் கலந்து, தீவனத்தின் மேல் பிசறி, நிழலில் உலர்த்தி அன்றே போட்டுவிடுவேன். மஞ்சளுக்கு இந்த முறை சரிவராது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் தண்ணீரில் கரையாது என்பதால் மீன் எண்ணெயில் குழைத்துப் பூசுகிறேன். எல்லா மூலிகையையும் ஒரே அண்டாவில் போட்டுக் காய்ச்சுவது வீண் வேலை.

போன கோடையில் குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு பெரியவர் விடியற்காலையில் போன் செய்தார். "தம்பி, சீக்கு வந்துச்சுன்னு வேப்பிலையைக் கூடை கூடையா அரைச்சு ஊத்தினேன். மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறக்குதுப்பா."

"ஐயா, முதல்ல மோட்டாரைப் போட்டு புதுத் தண்ணியைத் தூவி விடுங்க. தீவனம் போடாதீங்க" என்றேன்.

இலைச் சக்கை அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். விடியும் நேரத்தில் குட்டையில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவாக இருக்கும். அதோடு வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் என்ற பொருள் அளவு கூடினால் மீனுக்கும் நஞ்சுதான். மதியத்துக்குள் பாதி மீன் போய்விட்டது. அவர் குரல் உடைந்ததைக் கேட்டபோது எனக்கும் தொண்டை அடைத்தது.

மூலிகைச் சாறு வைக்க நினைக்கிறவர்களுக்கு அதனால்தான் இதை எழுதுகிறேன். நோய் கண்ட மீன் முதலில் இரை எடுப்பதை நிறுத்திவிடும், தீவனத்தில் கலந்தது அதன் வயிற்றுக்கே போகாது. நல்ல பசியோடு இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். சுற்றுகிற மீனைப் பார்த்துவிட்டால் பூண்டை நம்பி உட்காராமல், உயிரோடு இருக்கும்போதே ஒன்றிரண்டைப் பிடித்து, ஆக்சிஜன் அடைத்த பையில் பரிசோதனைக்குக் கொண்டு போங்கள். செத்து நாறிய மீனில் எந்தக் கிருமி கொன்றது என்று கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.